62 கிலோவைத் தூக்கிய கைகளுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெரிய இன நாய் வளர்ப்போராகிய எங்கள் மன்றத்தின் சார்பில் இந்த நன்றி மடல். இரண்டு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். பீமனுக்குத் தையல் பிரிக்கும்வரை எனக்குக் கை ஓடவில்லை. நேற்றுப் பிரித்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறான், இப்போது எழுதலாம்.

பீமனைத் தெரியாதவர்களுக்கு: ஆறு வயது கிரேட் டேன், எடை 62 கிலோ. எங்கள் கூட்டத்தில் யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து, முன்கால்களைத் தரையில் ஊன்றியபடி, அவர்கள் மடியில் உட்கார்ந்துவிடுவான். தான் ஒரு மடிநாய் என்பதுதான் அவன் நினைப்பு.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு மேல் அவன் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்திருக்கிறான். வாயில் எச்சில் ஒழுகுகிறது. வாந்தி எடுக்கக் குமட்டுகிறான், நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. நடுநடுவே திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறான். பீமனை வளர்க்கும் வீட்டுக்காரர் மன்றத்தின் இரவு அவசரப் பட்டியலை எடுத்து முதல் எண்ணுக்குக் கூப்பிட்டார். அந்த எண் என்னுடையது. பகலில் நடந்த முகாமுக்காகப் போனைச் சத்தமில்லாமல் வைத்தவன், அப்படியே தூங்கிப்போயிருந்தேன். நன்றி மடலில் இது எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பட்டியலில் இரண்டாவது பெயர் இருந்ததால்தான் பீமன் இன்று இருக்கிறான், அதைச் சொல்லாமல் விட முடியாது.

இரண்டாவது எண்ணை எடுத்தவர், பதினைந்து வருடமாக மாஸ்டிஃப் வளர்க்கும் எங்கள் மூத்த உறுப்பினர் அம்மா. அவர் கேட்டது ஒரே கேள்வி: "விலாவுக்குப் பின்னாடி விரலால தட்டிப் பாருங்க தம்பி, மத்தளம் மாதிரி சத்தம் வருதா?" வந்தது. "அப்போ உட்காராதீங்க, கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிடறேன்." அதற்கு முன்பு வேறொரு இடத்தில் கேட்டபோது, வாயுவாக இருக்கும், காலையில் கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார்கள். வாயுதான். ஆனால் காலைவரை காத்திருக்கும் வாயு இல்லை அது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் அடைபடும். உப்பின இரைப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தை அழுத்தும். மண்ணீரலும் கூடவே திருகிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எல்லா இனத்தையும்விட கிரேட் டேனுக்கே இந்த ஆபத்து அதிகம். மன்றத்தில் இதைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். நம் வீட்டு நாய்க்கு நடக்கும்போது மட்டும் அஜீரணம் என்றுதான் மனம் சொல்கிறது.

சரி, கிளம்பச் சொல்லியாயிற்று. மாடி வீடு. அதற்குள் பீமன் படுத்துவிட்டான், எழுந்திருக்கவில்லை. சின்ன நாய் என்றால் அள்ளிக்கொண்டு ஓடலாம். 62 கிலோவை, அதுவும் வயிற்றை அழுத்தாமல், ஒருவர் எப்படித் தூக்குவது?

இங்கேதான் எதிர்வீட்டுத் தம்பதிக்கு நன்றி சொல்ல வேண்டும். பீமன் குரைப்பதாக எங்களிடம் இரண்டு முறை புகார் சொன்னவர்கள். புகாரில் நியாயமும் இருந்தது. அன்று சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர்கள், திட்டப்போகிறார்கள் என்று பார்த்தால், பெட்ஷீட்டோடு வந்தார்கள். முதல் பெட்ஷீட் நாலாவது படியிலேயே கிழிந்துவிட்டது. அந்த அக்கா உள்ளே ஓடி, கட்டிலில் விரித்திருந்ததையே உருவி வந்து, இரண்டாக மடித்துப் போட்டார். கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன்கள் இருவரும் சேர்ந்துகொள்ள, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இறக்கினார்கள். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும். வீட்டுக்காரரே தலைப்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே இறங்கினாராம்.

தெருவில் சாமான் இறக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த சரக்கு வண்டி ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. உங்கள் பெயரைக் கேட்கக்கூட யாருக்கும் அப்போது தோன்றவில்லை. "கடிக்குமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தீர்கள். வண்டி முழுக்க எச்சிலும் நுரையும். வாடகையும் வாங்காமல், கழுவவும் விடாமல் போய்விட்டீர்கள். இந்த மடல் எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். முதலில் பக்கவாட்டில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றினார்கள். உஸ்ஸென்று அது வெளியேறிய சத்தத்தை வீட்டுக்காரர் இன்னும் செய்து காட்டுகிறார், கேட்கத்தான் எனக்குத் தைரியமில்லை. அப்புறம் வயிற்றைத் திறந்து முறுக்கை எடுத்து, சேதமான மண்ணீரலை அகற்றி, மறுபடி திருகிக்கொள்ளாதபடி இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். மருத்துவருக்கும் அந்த இரவு பணியாளர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அதற்கு அடுத்த மூன்று நாளும் இதயத் துடிப்பு தடுமாறும் என்று சொல்லி, கருவியில் பூட்டியே வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தார்கள். நான்தான் முதல் முறை. பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ரத்தம் தேவைப்பட்டது. நாய்க்கும் ரத்த தானம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பொதுவாக 25 கிலோவுக்கு மேல் எடை, ஒன்றிலிருந்து எட்டு வயது, தடுப்பூசி முறையாகப் போட்டிருக்க வேண்டும், பதறாத குணம், இவ்வளவுதான் முக்கியம். அதாவது, நம் வீட்டில் சோபாவை அடைத்துக்கொண்டு தூங்குபவர்கள்தான் இதற்குப் பொருத்தமானவர்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு செயின்ட் பெர்னார்ட் மேகாவைக் கூட்டிக்கொண்டு வந்த குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது? அந்த வீட்டு அம்மா இரவுப் பணியில் இருந்ததால், பள்ளியில் படிக்கும் மகனும் தாத்தாவும் வந்தார்கள். ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, கழுத்தில் உள்ளங்கை அளவு முடியை மழித்து, சுமார் 450 மில்லி எடுத்தார்கள். மயக்க மருந்து எதுவும் இல்லை. மேகா அந்தப் பையன் மடியில் தலையை வைத்துக் குறட்டை விட்டாள். ஊசியை எடுத்த பிறகும் எழுந்திருக்க மறுத்தாள். அந்த மழித்த இடத்தைத்தான் இப்போது தெருவில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறானாம் பையன். காட்டட்டும்.

அன்று பகலில் நடந்த எடை பார்க்கும் முகாமுக்கு உதவியவர்களையும் மறக்கவில்லை. வீட்டுத் தராசில் நிற்காத நாய்களுக்காக, மூட்டை எடை போடும் மேடையைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவருக்கு நன்றி. ஆடுகிற இரும்புத் தகட்டில் கால் வைக்க ஒரு நாயும் சம்மதிக்கவில்லை. தன் ரப்பர் பாயைக் கொண்டுவந்து அதன்மேல் விரித்த சிறுமிக்குத் தனி நன்றி, அதுவரை பெரியவர்கள் அரை மணி நேரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். தராசு தப்பு என்று வாதாடிய நாலு பேருக்கு நன்றி இல்லை. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படாவிட்டால் எடை அதிகம், அவ்வளவுதான்.

குட்டி வளர்ப்பு பற்றிப் பேசிய இளம் மருத்துவர் வந்த வேலையைச் சரியாகச் செய்தார். பெரிய இனக் குட்டிகளின் எலும்பு முற்ற ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். சீக்கிரம் வளரட்டும் என்று கால்சியம் பொடி கலப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஆறு மாதம்வரை குட்டியின் உடம்புக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, கொடுத்தது உள்ளே போய் எலும்பைக் கெடுக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் உணவில் தேவையானது இருக்கிறது. இதைக் கேட்டு, பையிலிருந்த டப்பாவை யாருக்கும் தெரியாமல் குப்பைத்தொட்டியில் போட்டவரை நான் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன்.

பழைய மெத்தைகள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. கனமான நாய் வெறும் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் காய்ப்பு விழும், சிலதுக்கு நீர் கோத்து வீங்கும். ஆறு வீடுகளுக்கு மெத்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஒன்று எங்கள் வயதான ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டுக்கு. எட்டு வயது, அந்த இனத்துக்கு அது நிறைந்த வயது. கடைசிப் பத்து நாள் அதன்மேல் படுத்திருந்தான். தினமும் இருவேளை துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தப் போய்வந்த நால்வருக்கும் அந்த வீட்டார் தங்கள் நன்றியைச் சொல்லச் சொன்னார்கள்.

இனி சில செய்திகள். மன்றத்துக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்கிவிட்டோம், மாஸ்டிஃப் அம்மா வீட்டில் இருக்கும். ரத்தம் கொடுக்கத் தகுந்த நாய்களின் பட்டியலில் இதுவரை ஒன்பது பெயர். இரவுப் பட்டியலில் என் பெயரை எடுக்கவில்லை, ஆனால் இனி ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மணி அடிக்கும்.

எதிர்வீட்டு அக்கா, உங்களுக்கு இரண்டு புது பெட்ஷீட் வாங்கி வைத்திருக்கிறோம். கட்டில் அளவு தெரியாமல் வாங்கிவிட்டோம், சின்னதாக இருந்தால் மாற்றித் தருகிறார்களாம். கொண்டுவந்து கொடுக்கப் பீமனும் வருவான், தயவுசெய்து நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

நன்றியுடன்,
மன்றச் செயலாளர்