எங்கள் வீதிக்கு ஒரு நன்றி மடல்

கோவை ஆர்.எஸ். புரத்தில் எங்களோடு குடியிருக்கும் பெரியவர்களுக்கும் அக்கா, அண்ணன்மாருக்கும் வணக்கமுங்க.

தாத்தா கட்டிய வீட்டை இடிக்காமல் செப்பனிட்டு, குழந்தைகளோடு அதிலேயே குடியிருக்கிறோம் என்றால் அது உங்கள் எல்லோராலும்தான்.

முதல் நன்றி மேஸ்திரிக்கு. தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் மச்சு எங்களுடையது. மழைக்கு ஒழுகிய அதை உடைத்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்லாதவர் இல்லை. இவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "தேக்குக் கட்டையெல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க. மேல பதிச்ச தட்டை ஓடுதான் வெடிச்சிருக்குது. சிமெண்டப் பூசிப்போட்டா ஈரம் உள்ளயே நின்னு கட்டையத் தின்னுபோடும்" என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, பழைய முறையிலேயே தளம் போட்டுக் கொடுத்தார். வெயிலில் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அந்தத் தளத்தைத் தட்டித் தட்டி இறுக்கிய அக்காமாரை நாங்கள் மறக்க மாட்டோம். அடுத்த மழைக்கு ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

வேலை நடந்தபோது கழற்றிய கதவுகளுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் தன் கார் ஷெட்டையே ஒழித்துக் கொடுத்தார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு எதிர்வீட்டு ஆத்தா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டார். "நம்ம வீட்டுப் புள்ளைங்கதான கண்ணு" என்று சொல்லி செலவுக்கு ஒரு பைசாவும் வாங்க மறுத்துவிட்டார்.

மூலைவீட்டு வாத்தியார் ஐயாவுக்குத் தனி நன்றி. பிளேக் நோய் பயத்தில் நெருக்கமான பழைய ஊரை விட்டு ஜனங்கள் வெளியே வந்ததையும், இங்கே வீடுகளைச் சுற்றி இடம்விட்டு வீதிகளை அகலமாகப் போட்டதையும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார். சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வரப் பாடுபட்ட நகரசபைத் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் பேர்தான் நம் பகுதிக்கு என்பது இங்கேயே பிறந்த எனக்குத் தெரியும். என் பையனுக்கு அது அவர் சொல்லித்தான் தெரிந்தது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்கிறான்!

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா, சாயங்காலம் எந்தக் குழந்தை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை தாய்மார் நிம்மதியாக உலை வைக்கிறோம்.

தைப்பொங்கலுக்கு எங்கள் வாசலில்தான் பொங்கல் வைக்கிறோம். எல்லோரும் குடும்பத்தோடு வந்துடோணுமுங்க. பழைய வீட்டை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அன்றைக்கே மச்சில் ஏறிப் பாருங்கள், மேஸ்திரியும் வருகிறார்.

இப்படிக்கு,
மச்சு வீட்டுக் குடும்பத்தார்