பென்சிலால் போட்ட ஓட்டு

ஸ்லவ்,
18 ஜனவரி 2026

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிறிஸ்துமஸ் தபால் நெரிசலில் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பொங்கலுக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போடவே கூடாது என்று வீட்டில் சொல்லச் சொன்னாள். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் பேச்சை நான்தான் கேட்பதில்லை, நீயாவது கேள். மாடியை வாடகைக்கு விட்டது நல்ல காரியம். தனியாக அவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்கிக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

நேற்று இங்கே பொங்கல் விழா. எங்களுக்குத் தை பிறப்பது எப்போதும் அடுத்து வரும் சனிக்கிழமையில்தான். ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, புகை அலாரம் கத்திவிடுமோ என்று பயந்துகொண்டே மின்சார அடுப்பில் பால் பொங்கவைத்தோம். பந்தியில் உட்கார்ந்ததும், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் பற்றிய சண்டை ஆரம்பித்துவிட்டது. அதற்கு ஓட்டெடுத்து வரும் ஜூனோடு பத்து வருடம் ஆகிறது, இன்னும் ஓயவில்லை. “போன ஜூலையில் இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டார்களே, ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் தனியாகப் போட்டிருக்க முடியுமா?” என்றார் ஒருவர். “வாசலில் இருந்த சந்தையை இழுத்து மூடிவிட்டு, ஏழு கடல் தாண்டிக் கடை விரித்தால் அது சாமர்த்தியமா?” என்றார் எதிரே இருந்தவர். இரண்டு பேரும் சொன்னது சரிதான். (அந்த ஒப்பந்தத்தின்படி ஸ்காட்ச் விஸ்கி மீது இந்தியா போடும் 150 சதவீத வரி 75 ஆகும், பிறகு பத்து வருடத்தில் 40. உனக்கு வேண்டிய செய்தி அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.) நான் தலையைக் குனிந்துகொண்டு வடையைத் தின்றேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

“நன்றாக இருந்த குடித்தனத்தை விட்டு ஏன்டா வெளியே வந்தார்கள்? நீ எந்தப் பக்கம் போட்டாய்?” என்று கேட்டிருக்கிறாய். பத்து வருடத்தில் இதை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் நீ.

முதலில் ஒரு விஷயம். அப்போது என்னிடம் இருந்தது இந்திய பாஸ்போர்ட். ஆனாலும் எனக்கு ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டுக்காரன் இங்கே முறையாகக் குடியிருந்தால் ஓட்டுப் போடலாம் என்பது இவர்களின் பழைய ஏற்பாடு. சாம்ராஜ்யம் போன பிறகும் மிச்சம் நின்ற பழக்கம் என்று வைத்துக்கொள். ஆனால் பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் போலந்துக்காரருக்கும், இருபது வருடம் இங்கே வரி கட்டியிருந்தாலும், அந்தப் பொதுவாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. பெரியவளுக்கு அப்போது பதினெட்டு ஆக இரண்டு மாதம் குறைவு. இங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள் வீட்டில் இருக்க, ஊரில் போய்க் கண்ணை மூடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் போய்ப் போட்டேன்.

2016 ஜூன் 23, வியாழக்கிழமை. நல்ல மழை. லண்டன் பக்கம் சில வாக்குச்சாவடிகளில் தண்ணீர் புகுந்து இடம் மாற்றினார்கள். நம் ஊர் மாதிரி விரலில் மை கிடையாது, அப்போது அடையாள அட்டைகூடக் கேட்க மாட்டார்கள். பேரைச் சொன்னால் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். உள்ளே நூலில் கட்டிய ஒரு பென்சில். பென்சிலில் போட்டால் அழித்துவிடுவார்கள், பேனா கொண்டு போங்கள் என்று அந்த வாரம் முழுக்க ஒரு வதந்தி. நானும் பேனா கொண்டு போயிருந்தேன், ஆனால் பென்சிலால்தான் போட்டேன்.

வெளியேற வேண்டும் என்ற கட்டத்தில் போட்டேன், மாப்ளே.

திட்டாதே, முழுக்கப் படி. அம்மாவை இங்கே அழைத்துவர நான் அலைந்தது உனக்குத் தெரியும். 2012 ஜூலையில் விதியை இறுக்கிவிட்டார்கள். தானாக எழுந்து அன்றாடக் காரியம் பார்க்க முடியாத நிலையில் அவள் இருக்க வேண்டும். அதோடு, அவளைப் பார்த்துக்கொள்ள ஊரில் காசு கொடுத்தாலும் ஆள் கிடைக்காது என்று நான் நிரூபிக்கவும் வேண்டும். தஞ்சாவூரில் காசு கொடுத்தால் ஆள் கிடைக்கும். அம்மா செய்த குற்றம் அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஒரு போலந்துக்காரர், தச்சு வேலை செய்பவர், 2005-இல் வந்தவர். அவருடைய அப்பா இறந்ததும் அம்மா க்ராகோவில் விமானம் ஏறினார், இங்கே இறங்கினார். ஒரு படிவம்கூட நிரப்பவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் பீட்ரூட் பயிரிடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல மனுஷி. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்குச் சரியாக ஒரு பேச்சு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பதால்தான் உங்களுக்கு மூடியிருக்கிறது என்றார்கள். அப்போது அமைச்சராக இருந்த ப்ரீத்தி பட்டேல், வெளியேறினால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களை அழைத்துவருவது எளிதாகும், ‘கறி’ உணவகங்களைக் காப்பாற்றலாம் என்று பிரசாரம் செய்தார். சமையல்காரனுக்கு வழி உண்டென்றால் அம்மாவுக்கும் இருக்காதா என்று நானாகவே ஒரு பாலம் கட்டிக்கொண்டேன். அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

நான் மட்டும் இல்லை. வெள்ளைக்காரர்கள் கோபத்தில் போட்ட ஓட்டு என்று அங்கே பத்திரிகைகளில் படித்திருப்பாய். லண்டனை ஒட்டிய எங்கள் ஸ்லவ்வில் அப்போது பிரிட்டிஷ் வெள்ளையர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் பஞ்சாபிகள், பாகிஸ்தானிகள், நம்மவர்கள், போலந்துக்காரர்கள். அந்த ஊர் 54.3 சதவீதம் வெளியேறச் சொன்னது. நாடு முழுவதும் 51.9. ஆசிய வம்சாவளியினரில் மூன்றில் ஒருவர் என் பக்கம் போட்டதாகக் கருத்துக்கணிப்பு சொன்னது. பிறகு விருந்துகளில் அந்த மூன்றில் ஒருவரை நான் சந்தித்ததே இல்லை, எல்லோரும் ‘ரிமெய்ன்’தான், அதாவது இருக்க வேண்டும் என்றுதான், போட்டார்களாம்!

ஆளாளுக்கு ஒரு காரணம். லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஒரு சின்ன ஊர், வேலை விஷயமாக ஒருமுறை போயிருக்கிறேன். சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல். 2004-இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது மற்ற பெரிய நாடுகள் சில வருடம் கதவைச் சாத்தி வைத்தன, பிரிட்டன் உடனே திறந்துவிட்டது. வயல் வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். டாக்டர் அறையில் கூட்டம், பள்ளியில் இடமில்லை, வாடகை ஏறியது. அந்த ஊர் 75.6 சதவீதம் வெளியேறச் சொன்னது, நாட்டிலேயே அதிகம். கிரிம்ஸ்பி துறைமுக மீனவர்களுக்குத் தங்கள் கடல் தங்களுக்கே வேண்டும். தேம்ஸ் நதியில், வெளியேறச் சொல்லிப் பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜ் ஒரு படகுக் கூட்டத்தோடு வர, பாடகர் பாப் கெல்டாஃப் இன்னொரு படகில் எதிரே வந்து ஒலிபெருக்கியில் கத்தியதை டிவியில் பார்த்துச் சிரித்தோம். மறுநாள் சிரிப்பு நின்றுவிட்டது. ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி., ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்ற பக்கம், தன் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் தெருவில் கொல்லப்பட்டார். அன்று இரவு வீட்டில் யாரும் பேசவில்லை. அப்போதாவது என் மனம் மாறியிருக்க வேண்டும்.

என் மனைவி இருக்க வேண்டும் என்று போட்டாள். வாரம் 35 கோடி பவுண்டை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவத் துறைக்குக் கொடுப்போம் என்று ஒரு சிவப்பு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராகப் போனார்களே, அதைப் பார்த்து, “எங்கள் வார்டுக்குக் கட்டில் ஒன்று கேட்டு எத்தனை வருடம் ஆகிறது” என்றாள். அவ்வளவு பணம் போகவே இல்லை. 1984-இல் கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடி முதலிலேயே கழிந்துவிடும். அதே தாட்சர் 1975-இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் உறுப்பு நாட்டுக் கொடிகளெல்லாம் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர். அப்போது லேபர் கட்சியில்தான் சந்தேகக்காரர்கள் அதிகம். நாற்பது வருடத்தில் இரண்டு கட்சியும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் காலை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனேன். பவுண்ட் 31 வருடத்தில் இல்லாத அளவுக்கு விழுந்திருந்தது, பிரதமர் கேமரன் ராஜினாமா அறிவித்துவிட்டார். போலந்துக்காரர் வேலிப் பக்கம் நின்றிருந்தார். “நீங்கள் ஓட்டுப் போட்டீர்கள்தானே?” என்றார். போட்டேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்காகப் போட்டதற்கு நன்றி” என்றார். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே இல்லை. வெளியூர்க்காரன் வெளியூர்க்காரனுக்குத்தான் போட்டிருப்பான் என்று நினைத்துவிட்டார். நான் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

அதற்கப்புறம் நடந்த கூத்தை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். கேமரனுக்குப் பிறகு பிரதமரான தெரேசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் 432-க்கு 202 என்று தோற்கடித்தார்கள். சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் சொல்லுங்கள் என்று மார்ச்சில் எட்டு வழிகளை வைத்து ஓட்டெடுத்தார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் முதல் தேதி நான்கு வழிகள், அவையும் தோற்றன. ஒன்று வெறும் மூன்று ஓட்டில். இரவு பதினொரு மணிக்கு சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அம்மா, பாஸ்டன்காரருக்கு டாக்டர் அறையில் ஒரு நாற்காலி, மீனவருக்குக் கடல், லண்டன் பணக்காரர் ஒருவருக்குக் கட்டுப்பாடு இல்லாத வியாபாரம். இத்தனை பேரும் ஒரே கட்டத்தில் பென்சிலை வைத்திருக்கிறோம். சீட்டில் ‘வெளியேறு’ என்றுதான் இருந்தது, எங்கே போவது என்று இல்லை. வீட்டைக் காலி செய்வதற்குக் குடும்பமே கையெழுத்துப் போட்டுவிட்டு, லாரியில் சாமானை ஏற்றிய பிறகு எந்த ஊருக்கு என்று சண்டை போட்ட கதை. அதனால்தான் என் ஓட்டைவிட அந்தக் கேள்வியை எழுதியவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் கோபம். நீ இதை நொண்டிச் சாக்கு என்பாய். இருக்கலாம்.

வட அயர்லாந்தை யாரும் நினைக்கவே இல்லை. அயர்லாந்து குடியரசோடு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை, 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் சோதனைச் சாவடி எதுவும் இல்லாமல் ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்த இடம். ஒரு பக்கம் ஒன்றியம், மறு பக்கம் வெளியே என்றால் அங்கே மறுபடி சாவடி வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் சோதனையை வட அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே கடலில், தங்கள் நாட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஓட்டுப் போட்ட அந்த மாதம் முழுக்க ஸ்லவ்வில் இதைப் பற்றி ஒருவர் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

2020 ஜனவரி 31 இரவு பதினொரு மணிக்கு வெளியே வந்தார்கள். பிறகு புது நீல பாஸ்போர்ட் வந்தது, சுதந்திரத்தின் அடையாளமாம். அதைத் தயாரிக்கும் ஒப்பந்தம் ஒரு பிரெஞ்சு–டச்சு நிறுவனத்துக்குப் போனது, அச்சாவது போலந்தில்! எனக்கும் இப்போது ஒன்று இருக்கிறது. நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்று அரசின் வரவு செலவைக் கணிக்கும் அலுவலகம் சொல்கிறது. நாலு சதவீதம் யார் கண்ணுக்குத் தெரிகிறது? ஸ்பெயின் விமான நிலையத்தில் கைரேகை வைக்க வரிசையில் நிற்கும்போதுதான் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

குடியேற்றம் குறையும் என்றார்களே, அதைக் கேள். ஐரோப்பாவிலிருந்து வருவது குறைந்தது. முதியோரைப் பராமரிக்க ஆள் இல்லை என்று 2022-இல் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசா திறந்தார்கள். கேரளாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தார்கள். 2023-இல் நிகரக் குடியேற்றம் வருடத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. போன ஜூலையில் அந்த வழியை மூடிவிட்டார்கள். அதற்குள் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் கோட்டயத்துக்காரக் குடும்பம் ஒன்று வந்துவிட்டது. தச்சர் 2021-இல் வீட்டை விற்றுவிட்டு அம்மாவோடு க்ராகோவ் போய்விட்டார். இங்கே நிரந்தரமாக இருக்க அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. “விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொண்டு இருப்பது வேறு மாதிரி இருக்கிறது” என்றார்.

பெற்றோருக்கான விதியின் இறுக்கம் தளரவே இல்லை. 2019 நவம்பரில் நான் விமானத்தில் இருந்தபோது அம்மாவின் பக்கத்தில் இருந்தவன் நீ. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

தச்சரிடமிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு வரும். இந்த வருடமும் வந்தது, உன் கடிதத்தோடு அதே நாளில். அம்மாவுக்கு எண்பத்தி ஐந்து ஆகிறதாம், இன்னும் பீட்ரூட் போடுகிறாராம். பதில் எழுத உட்கார்ந்தவன்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று குப்பைத் தொட்டிப் பக்கம் சொல்லாததை இப்போது எழுதிவிடலாமா என்று ஒரு யோசனை. “பத்து வருடம் கழித்து அந்த மனிதருக்கு இதனால் என்ன லாபம், உங்களுக்குத்தானே நிம்மதி” என்கிறாள் என் மனைவி. நீ என்ன சொல்கிறாய்? கார்டை மேஜை மேல் வைத்திருக்கிறேன். உன் பதில் வந்தபிறகு எழுதுகிறேன்.

ஆபரேஷன் தேதி தெரிந்ததும் போன் பண்ணு.

உன்
பழைய ரூம்மேட்