மாமாவுக்கு, அந்த இழைப்புளி பற்றி

மாமா,

நாளையோடு மூன்று வருடம். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் இழைப்புளியின் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கும் வேலையை நேற்று முடித்துவிட்டேன்.

கோபப்படுங்கள், ஆனால் படித்துவிட்டு. இந்த முறை பலகை மேல் உப்புத்தாளை விரிக்கவில்லை; தடித்த கண்ணாடி. பிளேடைக் கழற்றவும் இல்லை. அடியில் அது எட்டிப் பார்க்கிற வாய்க்குள் ஏற்றிவிட்டு, இழைக்கும்போது இருக்கிற அதே இறுக்கத்தில் வைத்துத்தான் தேய்த்தேன். அந்த இறுக்கத்தில் இரும்பும் துளி வளையும் என்று அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? எட்டு வருடம் உங்கள் பக்கத்தில் நின்றேன். "பார்த்துக் கத்துக்கோ" என்பதைத் தவிர உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

அந்த நிமிஷம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இழைப்புளியைக் கவிழ்த்து, இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தீர்கள். முன்முனையில் ஒரு கீற்று வெளிச்சம். வாய்க்கு முன்னால் இன்னொன்று. எல்லோரும் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டீர்கள்.

முன்முனை என் வேலைதான். பலகை சமமில்லை, கையை ஆட்டி ஆட்டித் தேய்த்து உருட்டிவிட்டேன். தப்பு. ஆனால் வாய்க்கு முன்னால் இருந்த பள்ளம் நான் தொடுவதற்கு முன்பே இருந்தது மாமா. மன்னிப்புக் கேட்க உட்கார்ந்துவிட்டு வழக்காடுகிறேன், தெரிகிறது. இருந்தாலும் கேளுங்கள்: மார்க்கரில் குறுக்கே கோடுகள் போட்டு 80 நம்பர் தாளில் தேய்த்தேன். முன்முனைக் கோடு அரை மணியில் அழிந்தது. வாய்க்கு முன்னால் இருந்தது அழிய மூன்று சாயங்காலம் ஆயிற்று. மரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டிய இடமே அதுதான். இத்தனை வருடம் அந்தப் பள்ளத்தோடுதான் அப்படி இழைத்தீர்களா? உங்கள் கைக்கு என்ன சொல்வது!

அப்புறம் 120, 220. பின்பக்கம் நடுவில் கொஞ்சம் பள்ளம் மிச்சம் இருக்கிறது, விட்டுவிட்டேன். அது வேலையைக் கெடுக்காது. கைப்பிடியைத் துடைக்கக்கூட இல்லை. உங்கள் கட்டைவிரல் பட்ட வழவழப்பு அப்படியே இருக்கிறது.

என் பிளேடைப் போட்டு ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். வெங்காயத் தோல் மாதிரி சீவல் வந்தது, பலகை நீளத்துக்கும் அறுபடாமல்.

உங்கள் பிளேடைத் திரும்பப் போட்டு அனுப்புகிறேன். அதை மட்டும் நான் தீட்டவில்லை.