புறப்படும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர்களாக இருந்து திரும்பும் மாணவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், எவ்வளவு துணிச்சல் வந்தது, எந்த ஊர்ச் சாப்பாடு பிடித்தது என்றெல்லாம் விரிவாக இருந்தது. அவர்கள் கிளம்பிப் போன பிறகு அந்த வகுப்பறை எப்படி இருக்கும் என்பது மட்டும் அதில் இல்லை. அவர்களுக்கு அடுத்து அந்த வகுப்பில் போய் நிற்கிறவள் நான். அதனால் எழுதுகிறேன்.

தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் பகுதியில், கோன் கேன் மாகாணத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கல்வி அமைச்சர்கள் சேர்ந்து 1965இல் தொடங்கிய சீமியோ அமைப்பு, 'சீ டீச்சர்' என்ற பரிமாற்றத் திட்டத்தை நடத்துகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் ஆசிரியர் படிப்பு படிக்கும் மாணவர்கள் இன்னொரு நாட்டுப் பள்ளிக்கு ஒரு மாதம் வந்து போவார்கள். முதலில் வகுப்பைக் கவனிப்பார்கள், அடுத்து உதவிக்கு நிற்பார்கள், அப்புறம் தாங்களே பாடம் நடத்துவார்கள். நல்ல திட்டம். வருகிற பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். இரவெல்லாம் உட்கார்ந்து, பின்னம் சொல்லிக்கொடுக்க அட்டையை வெட்டி ஒட்டி எடுத்து வருவார்கள். தாய்லாந்து மொழி தெரியாமலே கையாலும் படத்தாலும் பாடத்தைப் புரியவைத்துவிடுவார்கள். என்னிடம் வாயே திறக்காத பையன் அவர்கள் கூப்பிட்டால் பலகைக்கு ஓடி வருவான்.

சிக்கல் கடைசி நாளில்தான்.

ஈசானில் பல பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறவர்கள். மழையை நம்பிய நெல் விவசாயம் குடும்பத்துக்குப் போதாது. அப்பா அம்மா பாங்காக்குக்கோ கிழக்குக் கடற்கரைத் தொழிற்சாலைகளுக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். ஏப்ரல் 13ஆம் தேதி சோங்க்ரான் புத்தாண்டு வரும். அதற்கு ஊருக்கு வந்தவர்கள் சில நாளில் திரும்பப் பேருந்து ஏறிவிடுவார்கள். சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

அப்படிப்பட்ட வகுப்பில் ஒரு மாதம் பாசமாகப் பழகியவர், வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து "இன்றோடு நான் கிளம்புகிறேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? பிள்ளைகள் கதறுகிறார்கள். கேக் வெட்டி, மிட்டாய் கொடுத்து, கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, சாயங்காலத்துக்குள் அழுகிற முகங்கள் எல்லாம் ஃபேஸ்புக்கில் ஏறிவிடுகின்றன. எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு குழந்தையின் அழுகை, பயிற்சி நன்றாக நடந்ததற்குச் சான்றிதழ் ஆகாது. அதைவிட மோசம், அந்த நேரத்து உருக்கத்தில் "அடுத்த வருஷம் கட்டாயம் வருவேன்" என்று வாக்குக் கொடுப்பது. சொன்னவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்தப் பருவம் முடியும்வரை, எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இத்தனைக்கும் விடை கொடுக்கத் தெரிந்த ஊர் இது. இங்கே 'பாய் சீ சூ க்வான்' என்று ஒரு சடங்கு உண்டு. வாழையிலையைக் கூம்பு கூம்பாக மடித்துக் கட்டிய தட்டில் பூவும் ஒட்டரிசிச் சோறும் அவித்த முட்டையும் வைத்து, பெரியவர் ஒருவர் மந்திரம் சொல்லுவார். மனித உடம்பில் 32 க்வான், அதாவது உயிர்க்கூறுகள், இருக்கின்றன என்பது இவர்கள் நம்பிக்கை. ஊர்விட்டு ஊர் போகிறவருடைய க்வான் எங்கேயும் தங்கிவிடாமல் அவரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். அதைக் குறைந்தது 3 நாளாவது கழற்றக் கூடாது. ஆசிரியர்களை வணங்கும் 'வாய் க்ரூ' நாளும் அப்படித்தான். பெரும்பாலும் ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வரும். அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ எல்லாம் வைத்துப் பிள்ளைகள் மண்டியிட்டு வணங்குவார்கள். (அருகம்புல்லை அங்கே பார்த்தபோது எனக்கு நம்மூர்ப் பிள்ளையார் ஞாபகம்தான் வந்தது.) ஒரு மாதமே பாடம் நடத்தினாலும் அவரும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான்.

அதனால் என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் இப்போது சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் நாளே, கிளம்பும் தேதியை வகுப்பு நாள்காட்டியில் பிள்ளைகள் முன்னாலேயே வட்டமிட வேண்டும். கடைசி வாரத்தில் புதுப் பாடம் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைப் பயிற்சி ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஒட்டரிசியை உருட்டிச் சாப்பிடுவதாகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வருகிறது, எது வரவில்லை என்று எனக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். நூல் கட்டும் நாளில் பிள்ளைகள் மட்டும் கட்டினால் போதாது, அவரும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கட்ட வேண்டும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஆகட்டும். வருவேன் என்ற வாக்கு வேண்டாம். கடிதம் போட முடியும் என்றால், வகுப்பு முழுவதுக்குமாக ஒன்று போடட்டும்.

இப்போதும் பிள்ளைகள் அழத்தான் செய்கிறார்கள். ஆனால் திங்கட்கிழமை என் வகுப்பில் நோட்டைத் திறக்கிறார்கள்.

மாணவர்களை அனுப்பும் பல்கலைக்கழகங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாடத் திட்டத்துக்கும் வகுப்பு நடத்தியதற்கும் மதிப்பெண் போடுகிறீர்கள். விடைபெற்ற விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊருக்கும் இது பொருந்தும். 2014ஆம் ஆண்டின் விதிமுறைப்படி பி.எட். இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. ஒரு மாதத்திலேயே இவ்வளவு ஒட்டுதல் வரும் என்றால், அத்தனை வாரம் பழகிய பிள்ளைகளிடம் நம் பயிற்சி ஆசிரியர்கள் எப்படிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்? உங்கள் வாசகர்களில் அப்படிப் போனவர்கள் பலர் இருப்பார்கள். கடைசி நாளன்று வகுப்பில் என்ன செய்தார்கள் என்று அவர்களும் எழுதினால், அடுத்த குழு இங்கே வருவதற்குள் எனக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
கோன் கேன், தாய்லாந்து.