ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு பெரட்டு வேண்டும்

பல்கலைக்கழக ஆய்வு மேற்பார்வையாளர்களுக்கும் பட்டமேற்படிப்பு அலுவலகத்தாருக்கும்,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

என் முதுகலை ஆய்வு தோட்டத் துண்டாடலைப் பற்றியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். வேலையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. அதனால்தான் எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார்.

அந்தக் காலத்தை நேரில் பார்த்த ஒன்பது பேரிடம் பேட்டி எடுத்தேன். அதில் ஒரு பாட்டி, மைலோ டின்னைத் திறந்து நான்காக மடித்த பங்குத் தாளை எடுத்து மடியில் விரித்தார். மடிப்புகள் கிழிந்திருந்தன. எந்த மாதம் எவ்வளவு கட்டினார் என்று விரல்விட்டுச் சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வைக் குழுவின் முன் விளக்கியபோதுதான் தெரிந்தது: மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். ஒன்பது பேட்டிகளும் செல்லாது என்றார்கள். விதி சரியானதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. அதை முதல் மாதமே ஒருவர் சொல்லியிருக்கலாமே! எட்டுப் பேரிடம் மறுபடி போனேன். பாட்டி தைப்பூசத்துக்கு முன்பே இறந்துவிட்டார்.

ஏன் கேட்கவில்லை என்பீர்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் எதிர்க்கேள்வி கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. "சரிங்க சார்" என்று நாங்கள் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வையாளரை மாற்றிக்கொள்ள வழி இருப்பதுகூட எங்களில் பலருக்குத் தெரியாது.

தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டு நடக்கும்; ஆட்களைக் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் அது. யாருக்கு எந்த மர வரிசை, அதாவது நிரை, என்று தெரிந்துகொண்டுதான் அப்பா கத்தியோடு கிளம்புவார். எனக்கோ ஒரு செமஸ்டர் முழுவதும் என் நிரை எது என்றே தெரியவில்லை. மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதினோரு வாரம் காத்திருந்தேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பதிந்த முதல் மாதமே மாணவரை உட்காரவைத்துப் பேசுங்கள். என்னென்ன அனுமதி, எந்தப் படிவம், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த சந்திப்பின் நாளையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

என் சித்தி மகள் வரும் அக்டோபரில் முதுகலைக்குப் பதிகிறாள். அவளும் கேள்வி கேட்கமாட்டாள். அந்தத் தாள் அவள் கைக்கு வந்துசேரட்டும்.

இப்படிக்கு,
ஒரு முதுகலை மாணவி
சுங்கை சிப்புட், பேராக்