பூனையும் ஒரு மருத்துவக் கருவிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மலிவு விலை மருத்துவக் கருவிகளைப் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தீர்கள். படமெல்லாம் பளபளவென்று இருந்தது. சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குள் வைக்கும் சென்சார் அட்டையைச் சொல்லிவிட்டு, 'மரத்துப்போன பாதத்தைப் பற்றி நம் நாட்டில் இதுவரை யாரும் யோசித்ததில்லை' என்று ஒரு வரி. எழுதியவர் வேலூர்ப் பக்கம் வந்திருந்தாலும் கோட்டையைப் பார்த்து, வெயிலைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்.

நான் 27 வருடம் தொழுநோயாளிகளுக்குச் செருப்புத் தைத்தவன். தங்களுக்குத் தெரியாததல்ல, அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தது 1946இல். இந்த நோய் விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி போய்விடுவதால் சுட்டதும் குத்தியதும் தெரியாமல்தான் கை கால் அழிகிறது என்று அவர் இங்கேதான் காட்டினார். ராத்திரி எலி விரலைக் கடித்தாலும் தெரியாது என்பதால், வீடு திரும்பும் நோயாளி கையில் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். அதைவிட மலிவான கருவி தங்கள் பக்கத்தில் எது இருந்தது?

அந்த யோசனையில் பிறந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. ரப்பருக்குள் பொடிப்பொடியாகக் காற்றறைகள். பாரம் ஓரிடத்தில் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவும். முள் ஏறாதிருக்க அடியில் கெட்டி சோல். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், ஏனென்றால் செருப்பு கழன்று போனாலும் அவர்களுக்குத் தெரியாது. ஆணி கூடவே கூடாது, சொல்யூஷனும் நூலும்தான். சேர்ந்த முதல் வாரம் அவசரத்தில் ஒரு சின்ன ஆணி அடித்துவிட்டேன். மேஸ்திரி திட்டவில்லை. வாரைப் பிய்த்தார், ஆணியைப் பிடுங்கினார், என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி அழுத்திவிட்டு நகர்ந்தார். வலித்தது. அதற்குத்தான் அழுத்தினார்.

இங்கே கற்றதைத்தான் பிராண்ட் 1966இல் அமெரிக்கா போன பிறகு அங்குள்ள சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் சொன்னார். கடல் தாண்டிப் போன சரக்கு, சென்சார் ஒட்டிக்கொண்டு தங்கள் ஞாயிறு இணைப்பில் புதுசாக வந்திறங்கியிருக்கிறது. சந்தோஷம்.

இது என் மூன்றாவது கடிதம். முதல் கடிதத்தில், வேலூர்ப் பக்கம் தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் கரிகிரியைக் 'கார்கில்' என்று அச்சடித்தீர்கள். இரண்டாவது, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தானமாக வந்த மெஷின் பிளக் பொருந்தாமல் பெட்ஷீட் போர்த்திக் கிடந்ததைப் பற்றி. அது வரவே இல்லை. மெஷினுக்கு மாலை போட்ட படம் மட்டும் முன்பே வந்திருந்தது. கண்டுபிடித்தவர் படத்தைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தைத்தவனுக்கு அந்தக் காலத்தில் டீக்கடையில் தனி டம்ளர் ஐயா, அந்த நோயாளிகளின் காலைத் தொட்டவன் என்று.

என் வீட்டுக்காரிக்கு 12 வருடமாகச் சர்க்கரை. பட்டறையை விட்டபின் எனக்கு நல்ல எம்.சி.ஆர். ஷீட் கிடைக்கவில்லை. குடியாத்தம் கடைத்தெருவில் 'சுகர் செருப்பு' என்று விற்றதை 650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நானே பார்த்து வாங்கினேன். ஒரு நாள் மார்க்கெட் போய்வந்து திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பேத்திதான் கேட்டாள், "பாட்டி, கால்ல என்னா செவப்பு?" உள் அட்டையைப் பிளந்து பார்த்தேன், ஆணி முனை. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஆம்பூர் ஷூ கப்பலேறிப் போகிறது. அடுத்த ஊர்க்காரிக்கு ஆணியில்லாத ஒரு ஜோடி செருப்பு இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரிக்குத் திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் விருப்பம். இதை மட்டும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்: சர்க்கரைக்காரர்கள் செருப்பு வாங்கும்போது உள் ரப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். ஆணி அடித்ததை வாங்காதீர்கள். தினமும் போடுமுன் உதறி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். கையும் மரத்திருந்தால் வீட்டில் வேறு யாரையாவது தடவச் சொல்லுங்கள்.

இடமில்லை என்றால் என் வீட்டுக் கதையை வெட்டிவிடுங்கள். அந்தப் பெட்டியில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய செருப்புத் தொழிலாளி,
குடியாத்தம்