கைராசி போதாது: நீலகிரியில் நாய், பூனை மருத்துவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டியில் எந்த நாய் டாக்டர் நல்லவர், குன்னூருக்குப் போகலாமா கோத்தகிரிக்குப் போகலாமா, அரசு மருத்துவமனை போதுமா என்று மலையில் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "அவர் கைராசிக்காரர், ஒரே ஊசியில் நாய் எழுந்து நின்றுவிட்டது." அந்த ஒரே ஊசியிலிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு நாளாகச் சோறு தொடாமல் காய்ச்சலோடு சுருண்டு கிடக்கும் நாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், நோய் எதுவானாலும் பெரும்பாலும் மறுநாள் எழுந்து வாலாட்டும். காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும். நோய் உள்ளே அப்படியே இருக்கும். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் சில நாளில் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகத் தொடங்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. சில நோய்களுக்கு அதுதான் மருந்து. ரத்தம் பார்க்காமல் அதைப் போடுவதும், போட்டது என்ன, எத்தனை மில்லி என்று சீட்டில் எழுதாமல் அனுப்புவதும்தான் தவறு. அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: எடை போடுகிறார்களா, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தருகிறார்களா. மூன்று கிலோ பூனையைக் கண்ணால் பார்த்தே மூன்றரை கிலோ என்று முடிவு செய்தால், மருந்து ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். எடை இயந்திரம் இல்லாத இடத்தில் பூனைக்கு ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சல் மசினகுடி, கூடலூர், பர்லியாறு போன்ற தாழ்வான இடங்களில்தான் அதிகம். ஊட்டிக் குளிரில் வளரும் நாய்க்கு அது வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. கீழே சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தால் போதும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து மேலே வந்து காய்ச்சல் எழும். காது நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் முதல் சோதனை. அந்த மைக்ராஸ்கோப் அந்த இடத்திலேயே இருக்கிறதா, ரத்தத்தைக் கோவைக்கு அனுப்பி மறுநாள்தான் முடிவு வருமா என்று கேளுங்கள். தகட்டில் கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் வகை என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள். ஒரு வாரத்தில் நாய் தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவதால்தான் பல நாய்களுக்கு மறுபடி வருகிறது. அதை டாக்டரின் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை.

மூக்கில் ரத்தம் வந்தால் மலையில் உண்ணிக் காய்ச்சல், அட்டை இரண்டையும் நினைக்க வேண்டும். எர்லிக்கியாவில் தட்டணு குறைந்து ரத்தம் கசியும். ஈறிலும் வயிற்றுத் தோலிலும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒரே மூக்குத் துளையில் மட்டும் விட்டுவிட்டு ரத்தம், ஓயாத தும்மல், மற்றபடி நாய் சுறுசுறுப்பு என்றால் பெரும்பாலும் அட்டை. ஓடைத் தண்ணீர் குடிக்கும்போது குட்டியாக உள்ளே ஏறி, அங்கேயே வாரக்கணக்கில் ரத்தம் குடித்து வளரும். விஷயம் தெரிந்த மருத்துவர் சில மணி நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு மூக்குக்கு நேரே ஒரு கிண்ணம் தண்ணீரை நீட்டுவார். அட்டை தலையை வெளியே நீட்டியதும் இடுக்கியால் பிடித்து, அதுவே பிடி தளரும்வரை மெல்ல இழுப்பார். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். வீட்டில் உப்புத் தண்ணீரையும் புகையிலைச் சாற்றையும் மூக்கில் ஊற்றுவது நாயைத்தான் கொல்லும். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து எழுதுவதற்குமுன் மூக்கில் டார்ச் அடித்துப் பார்க்கிறாரா என்பது, சுவரில் மாட்டிய சான்றிதழைவிட அதிகம் சொல்லும்.

அந்தச் சான்றிதழையும் பார்த்துவிடுங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவர்தான் சிகிச்சை அளிக்கலாம். நாய்க்குட்டி விற்கும் கடையில் "ஊசியும் போட்டாச்சு" என்று கொடுக்கும் புத்தகத்தில் மருத்துவர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாவிட்டால் அந்த ஊசியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

தடுப்பூசியில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடுவது மருந்து அல்ல, குளிர்பதனம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் பிரிட்ஜ் எதற்கு என்று கேட்பவர்கள் ஊட்டியின் பகல் வெயிலை மறந்துவிடுகிறார்கள். ஜூன், ஜூலை காற்றில் மரம் விழுந்து குந்தாவிலும் பந்தலூரிலும் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிரிட்ஜுக்கு இன்வெர்ட்டரோ ஐஸ்பெட்டியோ இருக்கிறதா? உள்ளே வெப்பமானி இருக்கிறதா? பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் ஐஸ்தட்டுக்கு ஒட்டி வைத்த ரேபிஸ் மருந்து உறைந்துபோனால் அதுவும் வீண்தான். புட்டியின் ஒட்டுச்சீட்டைப் பிரித்துப் புத்தகத்தில் ஒட்டித் தர வேண்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் ஆகும்வரை பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி; மூன்று மாதத்தில் ரேபிஸ். "ஒரே ஊசியில் எல்லாம் முடிந்தது" என்று இரண்டு மாதக் குட்டிக்குச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். தாய்ப்பாலின் எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் ஊசியை வேலை செய்யவிடாது என்பதால்தான் இத்தனை தவணை. ரேபிஸ் சிகிச்சைக்காகவே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய மாவட்டத்தில், நாய் கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று இன்னமும் எழுத வேண்டியிருக்கிறது. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அரசு கால்நடை மருந்தகங்களைக் குறை சொல்பவர்கள், அவை அடிப்படையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஏற்பட்டவை என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. மருத்துவர் சினை ஊசிக்குத் தோட்டத்துக்குப் போயிருப்பார். கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும் வாரங்களில் பகல் முழுக்க ஊர் ஊராகச் சுற்றுவார். போன் செய்துவிட்டுப் போனால் வீண் அலைச்சல் இல்லை. ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து, காயத்துக்குத் தையல் என்றால் அங்கே போவதில் ஒரு குறையும் இல்லை. காட்டுப்பன்றி கிழித்த வயிறு, முள்ளம்பன்றி முள் போன்ற காயங்களில் அரசு மருத்துவர்களுக்கு உள்ள அளவு கைப்பழக்கம் நகரத்து மருத்துவர்களுக்கு இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், மூச்சுக்குழாய் வழி மயக்கம் வேண்டிய நோய்க்கு வேறு இடம்தான்.

அறுவை சிகிச்சையில் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும். முன்கூட்டிய ரத்தப் பரிசோதனை, சலைன், வலி மருந்து, தையலை நக்கவிடாமல் தடுக்கும் கழுத்துப் பட்டை, பத்து பதினான்கு நாளில் தையல் பிரிப்பது எல்லாம் அந்தத் தொகையில் அடக்கமா? மலையில் கூடுதலாகக் கேட்க வேண்டியது சூடு. மயக்கத்தில் உடல் வெப்பம் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் சிமென்ட் தரையில் கிடந்தால் இன்னும் இறங்கி, மயக்கம் தெளியத் தாமதமாகும். நாய்க்கும் பூனைக்கும் சாதாரண வெப்பம் 100.5 முதல் 102.5 பாரன்ஹீட். 99க்குக் கீழே இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பும் இடம் வேண்டாம். தலையைத் தூக்கி, தானே எழுந்து நிற்கும்வரை வைத்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சைகளைக் காலையிலேயே முடிப்பவர்களை நம்பலாம்.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, ஒரு சொட்டும் வராமல், அடிவயிறு பந்துபோல் இறுகியிருந்தால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். சிறுநீர் அடைப்பு அது. ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். போனில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "சிறுநீரை இறக்க ஆண் பூனைக்குப் போடும் மெல்லிய கதீட்டர் குழாய் கையில் இருக்கிறதா?" இல்லை என்றால் அங்கே போய் அரை நாள் வீணாக்க வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே.

விஷ முறிவு மருந்து யாரிடம் இருக்கிறது என்பதை நோய் வருமுன் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கேரட், உருளைத் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்தானால் வாயில் நுரை, சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு தெரியும்; அதற்கு அட்ரோபின் வேண்டும். நத்தை மருந்தில் மெட்டால்டிஹைடு இருந்தால் உடல் முழுக்க நடுங்கி, வெப்பம் ஏறும். புரோமடியோலோன் எலி மருந்து மோசம்: தின்ற அன்று ஒன்றும் தெரியாது, மூன்று முதல் ஐந்து நாளில் ரத்தக் கசிவு, வைட்டமின் கே1 வாரக்கணக்கில் வேண்டும். எதுவானாலும் உறையையோ டப்பாவையோ எடுத்துக்கொண்டு போங்கள். பாம்புக்கடிக்கு நம் கையில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். தேயிலைச் செடியில் கிடக்கும் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. வலிக்கும் வீக்கத்துக்கும் பார்த்து, சலைன் ஏற்றுவதுதான் வழி.

இத்தனையும் பகல் கதை. இரவில் எந்த மருத்துவமனை சிறந்தது என்ற கேள்விக்கு, எது திறந்திருக்கிறதோ அது என்பதுதான் பதில். கோவையிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக 85 கிலோமீட்டருக்கு மேல். மண் சரிந்தால் அதுவும் இல்லை. 2009 நவம்பரில் சாலைகள் துண்டிக்கப்பட்டதை மலை மறக்கவில்லை. கூடலூரிலிருந்து மைசூர் போகலாம் என்றால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடப்படும். பந்தலூர், கூடலூர்க்காரர்களுக்கு வயநாடு பூக்கோட்டில் உள்ள கேரளக் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனை கோவையைவிடப் பக்கம். அல்சேஷன், லேப்ரடார் போன்ற பெரிய நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வராமல் தவித்தால் நேராக மலை இறங்க வேண்டாம். பக்கத்திலுள்ள மருத்துவர் குழாய் போட்டோ ஊசியால் குத்தியோ காற்றை இறக்கி, சலைன் போட்ட பிறகு இறங்கினால்தான் உயிரோடு போய்ச் சேரும். வாந்தி எடுக்கும் நாய்க்கு வாய்ப்பூட்டு போட்டுக் கொண்டைஊசி வளைவில் கூட்டிப்போகாதீர்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் கேட்பது இது: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நான்கிலும் உள்ள அரசு, தனியார் மருத்துவர்களைச் சேர்த்து ஓர் இரவுப் பணி முறை வகுக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் எந்த நாளில் எந்த ஊரில் நிற்கும் என்றும் அறிவிக்க வேண்டும். தங்கள் நாளிதழ் மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை வெளியிட்டால் பெரிய உதவி. யார் எந்த இரவு, யாரிடம் எக்ஸ்ரே, யாரிடம் விஷமுறிவு மருந்து என்று மூன்று கட்டம் போதும். எக்ஸ்ரே பழுதாகி நிற்கும் மாதங்களில் அதையும் மறைக்காமல் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கோத்தகிரி.